குடும்ப விஷயமாகப் பேச

அப்பா வேலைக்குக் கிளம்பும்போது கையில் ஒரு மடக்கு ஸ்டூல் இருக்கும். தோள்பையில் பரீட்சை அட்டை, ஒரு குயர் வெள்ளைத்தாள், இரண்டு பேனா, கைநாட்டு வைக்கிறவர்களுக்காக ஒரு மைப்பெட்டி. யானைகவுனியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வழியாக நடந்து, சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டி ஜி.ஹெச். பக்கம் போனால் சென்னை மத்திய சிறை. அதன் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். அதுதான் அவர் தொழில். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் "அப்பா எழுத்து வேலை பார்க்கிறார்" என்று சொல்லும்படி அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்.

லீவு நாட்களில் மதியச் சாப்பாடு கொண்டுபோவது நானும் அண்ணனும். 1970-களின் கடைசி, எனக்குப் பத்துப் பதினோரு வயது. தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. நாங்கள் ஒருநாளும் உடனே திரும்பியதில்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் குந்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார்கள். அப்பா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தண்டனையாம்மா, விசாரணையா?" சில பெண்களுக்கு அந்தக் கேள்வியே புரியாது. "புடிச்சிட்டு வந்துட்டாங்க அண்ணே" என்பார்கள். அப்பா தாளில் "விசாரணை" என்று எழுதிக்கொள்வார். பிறகு பெயர், தகப்பன் பெயர், எந்த ஸ்டேஷன், வந்திருப்பவர் என்ன உறவு என்று கேட்பார்.

கடைசியில் "எதற்காகப் பார்க்கணும்?" என்று கேட்பார். அங்கேதான் நேரமாகும். ஒரு பெண் மூன்று மாத வாடகை பாக்கியைச் சொல்வாள். ஒருத்தி மாமியார் செத்துப்போனதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று அழுவாள். இன்னொருத்தி தாலியை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்ததையும், அந்த வக்கீல் அதற்கப்புறம் கண்ணிலேயே படவில்லை என்பதையும் சொல்வாள். அப்பா குறுக்கே பேசமாட்டார். பேனாவை மூடாமல் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்பார். கேட்டு முடித்ததும் எழுதுவது மூன்றே வார்த்தை: "குடும்ப விஷயமாகப் பேச". எல்லா மனுவிலும் அதே மூன்று வார்த்தைதான்.

"அந்தம்மா அவ்வளவு சொன்னாங்களே, ஏன்பா எழுதலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தாள்ல எழுதினா நாலு பேர் படிப்பாங்க. அதை அவங்களே உள்ள போய்ச் சொல்லிக்கட்டும்" என்றார்.

அவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கூட்டாளி இருந்தார். வெற்றிலை, பீடி, தீப்பெட்டி விற்கும் ஒரு கிழவி. அவர் கூடையின் ஓரத்தில் கறுப்புக் கயிறு கொத்துக் கொத்தாகத் தொங்கும். அரைஞாண் கயிறு. பிடித்துக்கொண்டு போகும்போதே பெல்ட், கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள், தூக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று. வெளியே வருகிறவனுக்கு வீட்டார் முதலில் வாங்கிக் கொடுப்பது கயிறுதான். அரைஞாண் இல்லாமல் ஆம்பளைப் பிள்ளையை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். கிழவிக்குப் பீடியைவிட அதில்தான் நல்ல வியாபாரம் என்று அப்பா சொல்வார்.

அந்தச் சிறையைக் கட்டியது 1837-ல். கட்டச் செலவு 16,496 ரூபாய் என்று பதிவாகியிருக்கிறது. முதலில் அதன் பெயர் மெட்ராஸ் பெனிடென்ஷியரி. அந்தச் சொல்லின் வேரில் இருப்பது 'செய்த பாவத்தை நினைத்து வருந்துவது'. ஒரு மனிதனைச் சுவருக்குள் தனியே வைத்தால் வருந்தித் திருந்துவான் என்பது அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய எண்ணம். ஆனால் இங்கே ஆண்டவர்கள் நினைத்தது வேறு. 1836-ல் கம்பெனி அரசு சிறைகளைப் பற்றி ஆராய ஒரு குழு போட்டது. மெக்காலேயும் அதில் இருந்தார். 1838-ல் அது கொடுத்த அறிக்கை, கைதிக்குப் படிப்புச் சொல்லிக் கொடுப்பது போன்ற யோசனைகளை ஒதுக்கிவிட்டு, அலுப்பூட்டும் கடுமையான வேலையைக் கொடுத்துச் சிறையைக் கண்டாலே அஞ்சும்படி செய்ய வேண்டும் என்றது. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தாரே, அது யாரோ ஒரு கொடூரமான ஜெயிலரின் மூளையில் திடீரென்று உதித்த யோசனை அல்ல. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தாளில் எழுதி வைத்த கொள்கை. அவர் இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாடு பூட்டுகிற இடத்தில் ஒரு வக்கீலைப் பூட்டியிருக்கிறார்கள்.

1894-ல் வெள்ளைக்காரர்கள் சிறைகள் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று நம் சிறைகள் நிற்பதும் அந்தச் சட்டத்தின் மேல்தான். 2023-ல் ஒன்றிய அரசு ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆனால் சிறை என்பது மாநிலங்களின் பொறுப்பு. அவை தனியாகச் சட்டம் போட்டால்தான் மாறும்.

மத்திய சிறையில் யார் யாரோ இருந்திருக்கிறார்கள். அந்தமானுக்குக் கப்பலேற்ற வேண்டியவர்களைக் கொண்டுவந்து வைத்திருந்த இடம் அது. 1932-ல் சுபாஷ் சந்திர போஸ் இருந்தார். பின்னாளில் அண்ணா இருந்தார். அப்பாவின் நினைவில் பெரிதாக நின்றது மிசா காலம், அதாவது எமர்ஜென்சி. 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், மறுநாளே கைதுகள் தொடங்கின. மேயராகவும் எம்.பி.யாகவும் இருந்த சிட்டிபாபு அந்தச் சிறையில் அடிபட்டு, 1977 ஜனவரியில் இறந்தார். அங்கே நடந்ததை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் தலைமையில் கமிஷன் போட்டார்கள். "கார்ல வந்து இறங்கினவங்களுக்கு மனு எழுதினது அந்த ஒரு வருஷம்தான். அவங்களுக்கும் அதே மூணு வார்த்தைதான்" என்பார் அப்பா.

அவர் 1994-ல் போய்விட்டார். 2006-ல் சிறை புழலுக்கு மாறியது. 2009-ல் பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால் பொதுமக்கள் பார்ப்பதற்குத் திறந்துவிட்டார்கள். நான் போனேன். திருவிழா மாதிரிக் கூட்டம். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கம்பிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போஸ் இருந்த அறை எது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல. மனு பார்க்கிற இடம் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போனேன். அப்பா எழுதிய தாள்கள் அத்தனையும் போய்ச் சேர்ந்த இடம் எப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

நடுவில் இடைவெளி விட்டு இரண்டு வலை. இந்தப் பக்கம் வந்தவர்கள், அந்தப் பக்கம் உள்ளே இருக்கிறவர்கள். நான் கைதி நிற்கும் பக்கமாகப் போய் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு அம்மா தன் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு வலையின் கட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அவர் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. கண்ணைப் பார்த்தால் வாய் தெரியவில்லை, தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் வாய் தெரிந்து கண் போய்விட்டது. இருபது பேர் ஒரே நேரத்தில் இப்படி நின்று கத்தினால் யார் பேசுவது யாருக்குக் கேட்கும்? அந்தக் குடும்ப விஷயங்களையெல்லாம் இங்கே நின்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வாடகை பாக்கியையும் மாமியார் சாவையும் கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும். தாளில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள் என்று அப்பா மறைத்துக் கொடுத்ததை நாற்பது பேர் கேட்டிருப்பார்கள். இது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

இப்போது அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடம் நிற்கிறது.

எனக்கும் எழுத்து வேலைதான் அமைந்தது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, பாரிமுனைப் பக்கம் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் ஜாமீன் மனு, பிரமாணப் பத்திரம் எல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்துத் தருவேன். நாள் முழுக்க இதிலேயே இருக்கும்போது சில விஷயங்கள் கண்ணில் படாமல் போகாது.

ஒன்று, உள்ளே போனாலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். 1929-ல் லாகூர் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார். அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்து என்பதுதான் அவர்கள் கேட்டது. அதற்குப் பிறகு அரசு கொண்டுவந்தது ஏ, பி, சி என்ற வகுப்புகள். கைதியின் படிப்பையும் வசதியையும் வீட்டில் அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் பார்த்து வகுப்பு. அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. "மனுதாரர் பட்டதாரி, வருமான வரி செலுத்துபவர், சமூகத்தில் அந்தஸ்து உள்ளவர், எனவே முதல் வகுப்பு வழங்க வேண்டும்" என்று எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். அடிக்கும்போதெல்லாம், கூலி வேலை செய்கிறவனுக்கு மட்டும் தரையும் கொசுவும் பழகிப்போயிருக்கும் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று தோன்றும்.

இன்னொன்று சாதி. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கு ஒரு பத்தி இருந்தது. சில மாநிலங்களின் சிறை விதிகள் இன்ன சாதியார் சமைக்க வேண்டும், இன்ன சாதியார் கழிவறை கழுவ வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லின. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. சுதந்திரம் வந்து எழுபத்தேழு வருஷம் கழித்து ஒரு பத்தியை அடிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்க முடியாதது அப்பாவின் அந்த முதல் கேள்விதான். தண்டனையா, விசாரணையா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். நாட்டிலுள்ள எல்லாச் சிறைகளிலும் சேர்த்து இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. தண்டனைக் கைதிகள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால்கூட, விசாரணைக் கைதிகளே ஏறக்குறைய அத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

அதிலும் சிலர் ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளேயே இருக்கிறவர்கள். இதை வெளியில் சொன்னால் நம்பமாட்டார்கள். "பெயில்தான் குடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன?" என்பார்கள். அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெண்ணை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். புருஷன் இல்லை. ஒரே பையன், இருபது வயது. வேறொரு மாவட்டத்தில் பேக்கரியில் வேலை பார்த்தான். போன ஆடி மாதம் அங்கே ஒரு செல்போன் திருட்டு வழக்கில் அவனைப் பிடித்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள். எந்த ஊர், எந்தக் கோர்ட், எந்தச் சிறை என்று நான் சொல்லப்போவதில்லை. அவன் எடுத்தானா இல்லையா என்று நான் அவளிடம் கேட்கவும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது கோர்ட்.

இருபத்து மூன்றாம் நாள் ஜாமீன் கிடைத்தது. அவள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, எனக்குச் சக்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். உத்தரவு நகலைக் காட்டினாள். நான் ஆயிரம் தடவை அடித்த வாசகங்கள்தான். தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவு. ஜாமீன்தாரர்கள் பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகல். வெளியே வந்ததும் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. இதோடு இன்னொன்றும் இருந்தது: ஒரு ஜாமீன்தாரர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

ரத்த உறவுக்கு அவள் இருக்கிறாள். உள்ளூர்க்காரருக்கு எங்கே போவது? பேக்கரி முதலாளி போனையே எடுக்கவில்லை. அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்தவர்கள் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த வெளியூர்ப் பையன்கள்தான். கோர்ட் வாசலில் ஒருவர் வந்து, "மூவாயிரம் குடும்மா, ரேஷன் கார்டோட ஆளை நிறுத்தறேன்" என்றாராம். அவள் எனக்குப் போன் பண்ணிக் கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த மாதிரி ஆட்களின் கார்டு பல வழக்கில் ஓடிக்கொண்டிருக்கும். பிடிபட்டால் பையனின் ஜாமீனும் போய்விடும்.

"நான் வர்றேன், என் வீட்டு ரசீதை வெச்சுப் பார்க்கலாம்" என்றேன். அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை. "வேணாம்க்கா, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்றாள். பத்து நிமிஷம் கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

நாலு மணி நேர பஸ் பயணம். முதல் தடவை போனபோது என் காகிதத்தைத் திருப்பிவிட்டார்கள். வீட்டு வரி ரசீது என் கணவர் பெயரில் இருந்தது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பெயர் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு அரையாண்டும் நினைத்துத் தள்ளிப் போட்டிருந்தேன். மனுவின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "ரசீது வேறு பெயர், உள்ளூர் ஜாமீன் இல்லை." அந்தப் பையன் உள்ளே படுத்திருப்பதில் என் சோம்பலுக்கும் பங்கு இருக்கிறது என்று அன்று பஸ்ஸில் வரும்போது உறைத்தது. மறுநாளே இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போய் மனு கொடுத்தேன். எட்டு நாளில் என் பெயரில் ரசீது வந்தது.

உள்ளூர் ஜாமீன் சிக்கலைத் தீர்த்தது அந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுத்த இளம் வக்கீல். சின்னப் பெண், என் மகள் வயது. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போட்டார். அதை நானே அடித்துக் கொடுத்தேன். அதில் அவர் காட்டிய வழக்கு 1978-ஆம் வருஷத்தது. மோதிராம் என்ற கொத்தனார், மத்தியப் பிரதேசம். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டது. தம்பியோ அண்ணனோ ஒரு சகோதரன் ஜாமீன் கொடுக்க வந்தபோது, உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்துப்போய் எழுதினார். ஒரு தமிழனோ மலையாளியோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்டார். ஆயிரம் ரூபாய்க்கு மோதிராமின் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். பிறகு 2023 ஜனவரி 31-லும் உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கிறது. ஜாமீன் உத்தரவை அன்றைக்கோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று கோர்ட்டுகள் நிபந்தனை போடாமல் இருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. மோதிராமுக்கும் இந்தப் பையனுக்கும் நடுவில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கேட்ட தொகைகூட மாறவில்லை, அதே பத்தாயிரம்.

படிக்கிறவர்களில் யாருக்காவது இந்த நிலைமை வந்தால் 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். இலவசச் சட்ட உதவி எண். வீட்டை அடகு வைக்கும் முன் அங்கே கேளுங்கள். ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்குப் பண உதவி செய்ய ஒன்றிய அரசுத் திட்டம் ஒன்று 2023 முதல் இருக்கிறது. அதையும் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

மனு ஏற்கப்பட்ட அன்று நானும் அவளும் கோர்ட்டில் நின்றோம். பெயர் என்ன, அவனை எப்படித் தெரியும், அவன் வராவிட்டால் பணம் கட்ட வேண்டும், தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். பிறகு கட்டைவிரலை மையில் அழுத்தி, போட்டோவுக்குப் பக்கத்தில் உருட்டி வைக்கச் சொன்னார்கள். முப்பது வருஷம் அந்த வரியை அடித்திருக்கிறேனே தவிர, என் விரல் அந்தக் கட்டத்தில் விழுந்தது அன்றுதான். 1920 ஏப்ரல் 3-ல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் பதினாறு பேர் குண்டடி பட்டுச் செத்தது இந்த ரேகைக்காகத்தான். பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஊரையே கைரேகை வைக்கச் சொன்னார்கள், மாட்டோம் என்றார்கள், சுட்டார்கள். விரல் நுனியை வழித்துத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது அது ஞாபகம் வந்தது. கூடவே அப்பாவின் மைப்பெட்டியும்.

ஜாமீன் கிடைத்த பிறகு அவன் உள்ளே இருந்தது பத்தொன்பது நாள். கடைசி நாளும் சேர்த்தால் இருபது. அன்று விடுதலை உத்தரவு போய்ச் சேர்வதற்குள் மாலையில் கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டுகிற லாக்கப் முடிந்துவிட்டது, காலையில்தான் விடுவோம் என்றார்கள். நாங்கள் ஊர் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீயும் ஒரு பொட்டலம் பன்னும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் படுக்கவே இல்லை. அப்பா எழுதிக் கொடுத்த பெண்களைப் பற்றி அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்கல்லாம் அப்புறம் வெளிய வந்தாங்களாக்கா?" என்றாள். அப்பாவிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

காலை எட்டரைக்குப் பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்தது. நாலு பேர் குனிந்து வந்தார்கள். அவன் மூன்றாவது. பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் பெல்ட், பர்ஸ், பேட்டரி செத்துப்போன போன். பெல்ட் இல்லாத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்து வந்தான். நாற்பத்து மூன்று நாளில் இடுப்பு அவ்வளவு இறங்கியிருந்தது.

அவள் அழவில்லை. அவனைத் தெருக்குழாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். கொண்டுவந்த புதுச் சட்டையையும் கைலியையும் மாற்றச் சொன்னாள். பழையதைச் சுருட்டி அங்கேயே சுவரோரம் போட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தாள். எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. இருபது வயதுப் பிள்ளையை நடுரோட்டில் நிறுத்தி, சட்டையைத் தூக்கச் சொல்லி, இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாள். அவன் குழந்தை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். "பெரிம்மா, ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போகணும்? பத்தரைக்குக் கையெழுத்து போடணுமாம்ல" என்றான்.

மணி அப்போது ஒன்பதேகால்.